ஜீயபுரத்துச் சிப்ஸுக்கு ஒரு ஜாதகம்

திருச்சி விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“உலக வணிக ஒப்பந்தங்களால பயன் அடையிறது எப்படின்னு சொல்லிக் கொடுக்க.”

“யாருக்கு?”

“ஜீயபுரத்துல வாழைக்காய் சிப்ஸ் போடுறவங்களுக்கு.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், புகைப்படத்தை ஒருமுறை பார்த்தார். “எங்கேருந்து வரீங்க?”

“ஜெனீவா.”

“அங்க வாழை விளையுதா?”

விளையாது என்றேன். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். அந்த வாரம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் சுலபமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் பிழைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடுகள் உட்கார்ந்து பேசி வணிக ஒப்பந்தம் போடுகின்றன. கையெழுத்தான பிறகு, எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அந்தந்த நாட்டுக்காரர்களுக்கு விளக்க என்னைப் போன்றவர்களை அனுப்புகிறார்கள். இதற்குத் தொழில்நுட்ப உதவி என்று பெயர். இருபது வருஷமாக இந்த உதவியைச் சூட்கேஸில் போட்டுக்கொண்டு பசிபிக் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலும் அலைந்திருக்கிறேன். மீன் பிடிக்கிறவர்களுக்கு மீன் ஏற்றுமதியைப் பற்றியும், காப்பி பயிரிடுகிறவர்களுக்குக் காப்பியைப் பற்றியும் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். தமிழில் மட்டும் பேசியதில்லை. கரூரில் பிறந்தவன் என்பதால் என் மேலதிகாரி கிளாரா இந்த முறை என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். “உனக்கு இது வீட்டுக்குப் போகிற மாதிரி” என்றார். கல்லூரி நாட்களில் கரூர் பஸ்ஸில் ஜீயபுரத்தை நூறு தடவை தாண்டியிருப்பேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சாமான் வரும் இடத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் கூட்டம். அவர்களுடைய அட்டைப் பெட்டிகளில் கயிறு, கயிற்றுக்கு மேல் டேப், டேப்புக்கு மேல் கொட்டை எழுத்தில் பேரும் ஊரும். பெயர் எழுதாத கறுப்புச் சூட்கேஸ் என்னுடையது ஒன்றுதான் என்று நினைத்து, வந்த கறுப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஸ்ரீரங்கத்தில் லாட்ஜ் அறையில் திறந்தால் பால் பவுடர் டின்கள், பேரீச்சம்பழம், புலி படம் போட்ட கம்பளி, ஒரு குழந்தைக் கவுன். சற்று நேரத்தில் போன் வந்தது.

“சார், துறையூர்லேருந்து பேசுறேன். உங்க பெட்டி என்கிட்ட வந்துடுச்சு. உள்ள கார்டுல நம்பர் இருந்துச்சு. பொண்டாட்டி திறந்து பார்த்துட்டு ஒரே அழுகை சார். பூராவும் பேப்பரா இருக்கா, ‘ரெண்டு வருஷமா இதைத்தான் சம்பாதிச்சியா’ன்னு கேக்குறா.”

நான் இருபது வருஷமாக அதைத்தான் சம்பாதித்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் மாலை பெட்டிகளை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. ஆகவே செவ்வாய்க்கிழமை, விமானத்தில் தூங்கிக் கசங்கிய அதே சட்டையோடு உலக வணிகத்தைப் பற்றிப் பேசக் கிளம்பினேன்.

லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். பொங்கலை இலையில் வைத்து, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றினார் மெஸ் மாமா. ஜெனீவாவில் காலை உணவு என்பது ஒரு ரொட்டியும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும். இங்கே குற்ற உணர்ச்சிக்கு இலையில் இடமில்லை.

“பெருமாளைச் சேவிச்சேளா?” என்றார் மாமா.

“இன்னும் இல்ல மாமா. வேலை இருக்கு.”

“வேலையா? பெருமாளே நிதானமா சயனிச்சுண்டிருக்கார். நீர் எங்கே ஓடறீர்?”

தில்லை நகரில் ஒரு ஓட்டல் ஹாலில் பயிலரங்கு. முப்பது பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் எட்டுப் பெண்கள், ஜீயபுரத்திலிருந்து. சேர்ந்து சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறவர்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ராஜாத்தி, அதன் தலைவி. நாற்பதைத் தாண்டிய வயது, பச்சைப் புடவை, மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் என் முதல் ஸ்லைடை இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

பிறப்பிட விதிகளில் ஆரம்பித்தேன். ஒரு வளைகுடா நாட்டோடு நம் நாடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இங்கே உற்பத்தியான பொருள் அங்கே சுங்கவரி இல்லாமல் போகலாம். ஆனால் அது இங்கேதான் உண்டானது என்று நிரூபிக்கச் சான்றிதழ் வேண்டும். இதை அழகான செந்தமிழில் பத்து நிமிஷம் சொன்னேன்.

ராஜாத்தி கையைத் தூக்கினார். “சார், எங்க பொறந்துச்சு, எப்ப பொறந்துச்சு, தாய் தகப்பன் யாருன்னு எழுதித் தரணும். அவ்வளவுதானே? சிப்ஸுக்கு ஜாதகம்.”

ஹால் சிரித்தது. என் பத்து நிமிஷத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

“அப்படின்னா ஒரு சந்தேகம்” என்றார். “காய் எங்க ஊருது. எண்ணெய் மலேசியாவுலேருந்து வந்ததுன்னா சிப்ஸ் எந்த ஊரு?”

இதற்கு என்னிடம் ஆறு ஸ்லைடு இருந்தது. ஆறையும் காட்டினேன். கணிசமான உருமாற்றம், மதிப்புக் கூட்டல் என்று என்னென்னவோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எங்களுக்கு அந்தத் தலைவலி இல்ல சார். துறையூர் கடலை எண்ணெய். செக்குல நாங்களே நின்னு ஆட்டி வாங்கிட்டு வரோம். சும்மா தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்.”

பின் வரிசையிலிருந்து ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஜாபர் பாய். பழைய டவுன்காரர், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது இவர்களைப் போன்றவர்களுக்கு ஏற்றுமதிப் பத்திரங்களைத் தயார் செய்து கொடுக்கிறவர். “தங்கச்சி, சாரை விட்டுடும்மா. பாவம், சட்டைகூட மாத்தாம வந்திருக்காரு” என்றார்.

என்னுடைய பதினாலாவது ஸ்லைடு மட்டும் எனக்கு எப்போதும் கம்பீரமாகத் தோன்றும். அதில் ஒரே வரி: ‘தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் தாளில் இருக்க வேண்டும்.’ என் சூட்கேஸ் துறையூரில் ஒரு குடும்பத்தை அழ வைத்துக்கொண்டிருந்த வேளையில் அதைக் கணீரென்று படித்தேன். ராஜாத்தி அதை அப்படியே நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

கடைசியில் கேள்வி நேரம். “இந்த ஒப்பந்தம் போட்டப்ப எங்களை மாதிரி ஆளுங்களை யாராச்சும் கேட்டாங்களா சார்?” என்றார் ராஜாத்தி.

“இல்ல” என்றேன். அன்று நான் சொன்ன பதில்களில் ஸ்லைடு தேவைப்படாதது அது ஒன்றுதான்.

“சரி. கேக்காம போட்டாங்க. நாங்களும் கேக்காம உள்ள பூந்துடுறோம்.”

புதன்கிழமை, சொந்தச் சட்டையோடு, ஜீயபுரம் போனேன். ஒருபுறம் காவிரி, மறுபுறம் வாழை. சாலையோரம் தார் தாராக நேந்திரன் இறங்கிக்கொண்டிருந்தது. இவர்களுடைய இடம் ஒரு நீண்ட தகரக் கொட்டகை. உள்ளே மூன்று பெரிய அடுப்பு, எஃகு மேசைகள், கவரை ஒட்டுகிற ஒரு சீலிங் மெஷின். தலைக்கு உறை மாட்டிக்கொண்டு பெண்கள் காயைச் சீவ, அது கொதிக்கிற எண்ணெயில் வட்டம் வட்டமாக நேராக விழுந்தது. நானும் சீவிப் பார்த்தேன். என் வட்டங்கள் ஒரு பக்கம் சப்பாத்தி, ஒரு பக்கம் காகிதமாக இருந்தன. கனகா என்கிற பெண் அவற்றைத் தனியாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்து, “இது ஜெனீவா ரகம்” என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

அங்கேதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. இத்தனை நாளும் இவர்கள் சிப்ஸை மூட்டையாக ஒரு வெளியூர் வியாபாரிக்குக் கொடுத்துவந்தார்கள். அவர் தன்னுடைய கவரில் போட்டு விற்பார். ராஜாத்தி அந்தக் கவரைக் கொண்டுவந்து காட்டினார். தென்னை மரம், நீல நிறக் காயல், அதில் ஒரு படகு வீடு.

“இந்தப் படகை நாங்க யாரும் பார்த்ததே இல்ல சார். காய் எங்களுது, எண்ணெய் எங்களுது, சூடு பட்டது எங்க கை. பேரு மட்டும் படகுக்கு” என்றார்.

இப்போது வளைகுடாவில் பல கிளைகள் வைத்திருக்கிற ஒரு கடைக்காரர், ஜாபர் பாய் மூலமாக, இவர்களுடைய சொந்தப் பெயரிலேயே நூற்று இருபது பெட்டி கேட்டிருந்தார். அட்டைப் பெட்டியின் நான்கு பக்கமும் பெரிதாக ‘ஜீயபுரம்’. நிபந்தனை இரண்டு. பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். சனிக்கிழமை காலை அவர் கடையில் சரக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அலமாரி படகுக்காரருக்குப் போய்விடும். அப்புறம் இவர்களும் மூட்டைக்கே திரும்ப வேண்டியதுதான்.

அங்கிருந்தபோதே கிளாரா அழைத்தார். “பயனாளிப் பெண்கள் புன்னகையோடு இருக்கிற படம் ஒன்று வேண்டும். ஆண்டறிக்கை அட்டைக்கு.” அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“நாங்க சிரிச்சா வரி குறையுமா?” என்றார் ராஜாத்தி.

“குறையாது.”

“அப்ப எதுக்கு? வேணும்னா அடுப்பைப் படம் எடுத்துக்கங்க. அதுதான் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.”

அடுப்பைத்தான் எடுத்து அனுப்பினேன். ‘இதில் யார் பயனாளி?’ என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை ஜாபர் பாயோடு பழைய டவுனில் கழிந்தது. கோட்டை மதிலை ஒட்டின சந்தில் அவருடைய அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், அதன்மேல் ஒரு அத்தர் பாட்டில். சான்றிதழுக்கான விண்ணப்பத்தை அவர் நிரப்ப, நான் பக்கத்தில் உட்கார்ந்து நிபுணர் மாதிரி தலையாட்டினேன். அவர் எனக்காக ஒரே ஒரு தடவை நிறுத்தினார். அதுவும் “சார், பிரியாணிக்கு மட்டனா, சிக்கனா?” என்று கேட்க. மதியத்துக்குள் சான்றிதழ் வந்துவிட்டது. நூற்று இருபது பெட்டி, ஒன்று முதல் நூற்று இருபது வரை வரிசை எண், வாழைக்காய் சிப்ஸ், பிறப்பிடம் இந்தியா. அதே எண்ணிக்கையில் விமானச் சரக்குச் சீட்டும் சுங்கப் பத்திரமும் தயார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார் பாய். “இதை வச்சுக்கிட்டுப் படகைக் கவுத்துடலாம் சார்.”

வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் சரக்கு போகவேண்டும். வளைகுடா வழியாக நான் ஊர் திரும்புவதும் அதே விமானத்தில்தான். காலையிலேயே லாட்ஜைக் காலி செய்துவிட்டு, அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார் ராஜாத்தி. ஏன் ஜீயபுரத்திலிருந்து நேராக விமான நிலையம் போகாமல் பாலம் கடந்து ஸ்ரீரங்கத்துக்கு வருகிறார் என்று நான் யோசிக்கவில்லை. என்னைக் கூட்டிப் போகத்தான் வருகிறார் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஊரில் குட்டியானை என்று செல்லமாகச் சொல்கிற சின்னச் சரக்கு வண்டி வந்து நின்றது. நூற்று இருபது பெட்டி, மேலே தார்ப்பாய். ராஜாத்தி இறங்கினார். ஒன்றாம் எண் பெட்டியை இறக்கச் சொன்னார். டேப்பைக் கிழித்தார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கை சிப்ஸை ஆற்றில் போட்டுக் கும்பிட்டார். பிறகு குளித்துக் கரையேறுகிறவர்கள், தர்ப்பணம் பண்ணிவிட்டு வந்தவர்கள், பூ விற்கிற அம்மாள் என்று எதிரில் பட்டவர்களுக்கெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுத்தார்.

“என்னங்க இது?”

“முதல் ஈடு சார். அடுப்புல முதல்ல எடுத்ததை நாங்க விக்கிறதில்ல. ஆத்துக்கும் ஆத்தங்கரையில நிக்கிறவங்களுக்கும்தான். எங்க பேருல போற முதல் சரக்கு, இதுக்குச் செய்யாம வேற எதுக்குச் செய்யிறது?”

நான் உருகிவிட்டேன். இதுவல்லவா பண்பாடு என்று போனில் வீடியோ எடுத்தேன். மெஸ் மாமாவும் அங்கே குளிக்க வந்திருந்தார். அவருக்கு இரண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். நான் ஒன்று சாப்பிட்டேன். உப்பும் மொறுமொறுப்பும் அவ்வளவு கச்சிதம். இன்னொன்றும் சாப்பிட்டேன். காலி அட்டைப் பெட்டியை மடித்துக் குப்பைத் தொட்டியில் பொறுப்பாகப் போட்டதும் நான்தான். ஒரு பிறப்பிட விதி நிபுணர் தன் கண் முன்னாலேயே சான்றிதழ் செல்லாமல் போவதைத் தின்றுகொண்டே படம் பிடித்த காட்சி அது. வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

விமான நிலையச் சரக்குக் கூடத்தில் பதினோரு மணிக்கு எண்ணினார்கள். நூற்றுப் பத்தொன்பது. திரும்ப எண்ணினார்கள். நூற்றுப் பத்தொன்பது.

“ஒன்னாம் நம்பர் எங்க தங்கச்சி?” என்றார் ஜாபர் பாய்.

ராஜாத்தி என்னைப் பார்த்தார். நான் வாயோரத்தில் ஒட்டியிருந்த துணுக்கைத் துடைத்தேன்.

பாய் தலையில் கை வைத்தார். “மூணு பத்திரத்துலயும் நூத்து இருபது. அங்க இறங்குனதும் எண்ணுவான். ஒன்னு குறைஞ்சா ஏன்னு கேப்பான், சரக்கை ஓரங்கட்டுவான். மூணையும் திருத்தலாம். ஆனா இன்னைக்கு முடியாது. சனிக்கிழமை போச்சு.”

நாலு மணி வரைதான் சரக்கு வாங்குவார்கள். பன்னிரண்டாக இன்னும் சில நிமிஷம் இருந்தது. என் மூளை வேகமாக வேலை செய்தது. அது வேகமாக வேலை செய்யும்போதெல்லாம் தப்பாகத்தான் செய்யும். “ஒரு பெட்டிதானே” என்றேன். “தில்லை நகர்ல எந்தக் கடையிலும் சிப்ஸ் கிடைக்கும். வாங்கி, உங்க கவர்ல போட்டு ஒட்டிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

ஜாபர் பாய் விரலால் காதைக் குடைந்துகொண்டார்.

“சார், இதை நீங்களா சொல்றீங்க? என் காது நல்லாத்தான் கேக்குதா?” என்றார் ஜாபர் பாய்.

ராஜாத்தி பையிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி, இரண்டு கோடு போட்ட வரியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பதினாலாவது ஸ்லைடு.

“படிங்க சார்.”

படித்தேன். விமான நிலையத்துச் சரக்குக் கூடத்தில், நாலு சுமைக்காரர்களுக்கு முன்னால், என் வாசகத்தை நானே வாய்விட்டுப் படித்தேன்.

“எங்க சிப்ஸை எவனோ படகு கவர்ல போட்டான். இத்தனை வருஷம் வயிறெரிஞ்சோம். இன்னைக்கு எவன் சிப்ஸையோ எங்க கவர்ல நாங்க போடுறதா? அப்புறம் அவனுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?” அவர் போனை எடுத்தார். “கனகா, அடுப்பை மூட்டு. ஒரு பெட்டிக்குக் காயை உரி. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

“முடியுமா?” என்றேன்.

“முடியாதுன்னு உங்க ஸ்லைடுல எங்கயாச்சும் இருக்கா?”

நூற்றுப் பத்தொன்பது பெட்டிக்கும் என் சூட்கேஸுக்கும் ஜாபர் பாயைக் காவல் வைத்துவிட்டு, குட்டியானையில் ஜீயபுரம் பறந்தோம். பறந்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கனகா முதல் ஈட்டை அள்ளித் தட்டில் கொட்டினார். மணி பார்த்துக்கொண்டே நான் கவரை நீட்டினேன். ராஜாத்தி என் கையைத் தள்ளிவிட்டார்.

“அது முதல் ஈடு. விக்கிறதில்ல.”

“காலையிலதான் கொடுத்தோமே!”

“அது அந்த அடுப்புக்கு. அணைச்சு மூட்டினா இது புது அடுப்பு.”

இந்தத் தர்க்கத்தை உலகில் எந்தத் தீர்ப்பாயத்திலும் நான் ஜெயித்திருக்க முடியாது. முதல் ஈட்டைக் காவிரிக்கும் வண்டி டிரைவருக்கும் எதிர் வீட்டு ஆட்களுக்கும் பங்கிட்டார்கள். ஒரு கை எனக்கும் வந்தது. வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கவரைப் பிரித்தேன். இரண்டாம் ஈட்டிலிருந்துதான் பெட்டிக்கு.

அப்போது கரண்ட் போனது. சூடாக அடைத்தால் கவருக்குள் வேர்த்து நமத்துவிடும். ஆறவைக்க மின்விசிறி வேண்டும். இன்வெர்ட்டரில் சீலிங் மெஷின் மட்டும்தான் ஓடும். கனகா ஒரு பெரிய முறத்தை என் கையில் கொடுத்தார்.

“வீசுங்க சார்.”

வீசினேன். இருபது வருஷ அனுபவத்தையும் இரண்டு பட்டங்களையும் சேர்த்து வீசினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கிளாரா அழைத்தார். “களத்தில் என்ன நடக்கிறது?”

“தொழில்நுட்ப உதவி செய்துகொண்டிருக்கிறேன்” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை வெட்கப்படாமல் சொன்னேன். “பிறகு பேசுகிறேன், கை வலிக்கிறது.”

இரண்டரைக்குப் பெட்டி மூடியாயிற்று. மேலே ஒன்று என்று எண் எழுதினார்கள். குட்டியானை கிளம்பி, ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்தது. டிரைவர் சக்கரத்தைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன், ராஜாத்தி சாலையைப் பார்த்தார். திருச்சி டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் விரித்தார். பஸ் நின்றது.

“பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. சாருக்கு ஒன்னு, பெட்டிக்கு லக்கேஜ் ஒன்னு” என்றார் கண்டக்டர். “என்னங்க உள்ள?”

“சிப்ஸ். வெளிநாடு போகுது” என்றேன்.

“பஸ்லயா?” என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. ஒரு கல்லூரிப் பெண் மட்டும் எழுந்து பெட்டிக்கு இடம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை பெட்டி உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன். ஜெனீவாவில் டிராம் இரண்டு நிமிஷம் தாமதித்தால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் டிரைவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

சத்திரத்தில் ஆட்டோ. “ஏர்போர்ட்டா? எத்தனை மணி பிளைட்டு?” என்றார் டிரைவர்.

“பிளைட்டு எங்களுக்கு இல்லண்ணே, பெட்டிக்கு. நாலு மணிக்குள்ள உள்ள போகணும்” என்றார் ராஜாத்தி. எனக்கும் அதே விமானம்தான் என்பதை இருவருமே மறந்திருந்தோம்.

நாலு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது சரக்குக் கூடத்துக்குள் ஓடினோம். ஜாபர் பாய் பெட்டிகளின் மேல் ஏறி உட்காராத குறையாகக் காவல் காத்திருந்தார். ஜும்மாவைக்கூட இவர்களுக்காகப் பக்கத்துப் பள்ளிவாசலில் முடித்துவிட்டு ஓடி வந்தாராம். அதிகாரி மறுபடி எண்ணினார். ஒன்றாம் எண்ணில் கையை வைத்தார். மூக்கைச் சுருக்கினார்.

“இந்தப் பெட்டி மட்டும் ஏம்மா இவ்வளவு மணக்குது?”

“தலைச்சன் புள்ளை சார். கொஞ்சம் செல்லம் அதிகம்” என்றார் ராஜாத்தி.

நூற்று இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

அன்று மாலை ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். வரிசை வரிசையாகப் பெட்டிகள் விமானத்தின் வயிற்றுக்குள் போயின. நாலு பக்கமும் எழுதியிருந்ததால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘ஜீயபுரம்’ தெரிந்தது. என் சூட்கேஸும் அவற்றோடு ஏறியது. இந்த முறை கொட்டை எழுத்தில் பேர் எழுதி ஒட்டியிருந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆண்டறிக்கைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஜெனீவாவில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஜாபர் பாய் ஒரு படம் அனுப்பினார். வளைகுடாக் கடையின் அலமாரி. சிப்ஸ் பாக்கெட்டுகள் அழகாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ‘ஜீயபுரம்’ என்ற எழுத்தின்மேல் ஒரு ஸ்டிக்கர். அதில் தென்னை மரம், நீலக் காயல், படகு வீடு. ‘வாங்குகிறவர்களுக்குப் படகுதான் பழக்கம்’ என்று கடைக்காரர் விளக்கம் சொன்னாராம். ‘அடுத்த முறை முந்நூறு பெட்டி வேண்டும். படகு இருந்தால் சுலபமாக விற்கும்.’

துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ராஜாத்தியை அழைத்தேன். முந்நூறு பெட்டி பெரிய விஷயம், இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளலாமே என்று சொல்லத்தான் என் நாக்கு தயாராக இருந்தது. அது அப்படிப்பட்ட நாக்கு.

“பார்த்தேன் சார்” என்றார் அவர். “பதில் அனுப்பிட்டேன்.”

“என்னன்னு?”

“ஸ்டிக்கரைக் கிழிச்சாதான் அடுத்த பெட்டி. தாள்ல ஒன்னு, பெட்டியில ஒன்னுன்னு இருக்கக் கூடாதுன்னு ஜெனீவாவுலேருந்து ஒரு பெரிய ஆளு வந்து சொல்லிட்டுப் போயிருக்காருன்னு சொன்னேன். படகு இல்லாம முடியாதுன்னா, எங்க காவிரிப் பரிசல் படம் வேணும்னா போட்டுத் தரேன், பேரு மட்டும் ஜீயபுரம்தான்னு சொன்னேன்.”

“அவர் வேண்டாம்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும். இந்தக் கடை ஒன்னுதான் உலகமா சார்? ஜாதகம் எங்க கையில இருக்கு. வேற வரன் பார்ப்போம்.”

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்று நாளும் கிளாராவின் அறிக்கைப் படிவத்தை நான் திறக்கவே இல்லை. நாலாம் நாள் இன்னொரு படம் வந்தது. அதே அலமாரி. ஸ்டிக்கர்கள் இல்லை. யாரோ நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். படகு போன இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பசைக் கறை. அதற்கு அடியில், கொஞ்சம் மங்கலாக, ‘ஜீயபுரம்’. முந்நூறு பெட்டிக்கு ஆர்டரும் கூடவே வந்திருந்தது.

உடனே ராஜாத்திக்குப் போன் போட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

“சந்தோஷம் சார்” என்றார் அவர் நிதானமாக. பின்னால் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. “ஆனா அந்தப் பசை பார்க்க நல்லால்ல. பேரு சரியா தெரியல. கடலை எண்ணெய் தொட்டுத் துடைச்சா சுத்தமா போயிடும்னு கடைக்காரர்கிட்ட சொல்லுங்க. நல்ல எண்ணெய் அங்க கிடைக்கலன்னா அடுத்த சரக்கோட ரெண்டு டின் அனுப்பி வைக்கிறோம்.”

“சரிங்க, சொல்றேன்.”

“துறையூர் எண்ணெய்ன்னு சொல்லுங்க சார். அதுக்கும் ஜாதகம் வாங்கிட்டோம்.”